காம்பவுண்ட் சுவருக்கு அப்பால் ஓடும் மோட்டார்: பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தீர்க்க ஒரு வழிகாட்டி

சென்னைப் புறநகரில் தனி வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில் வீடு வாங்குபவர்கள் பட்டா, வில்லங்கம், நிலத்தடி நீர், மழைநீர் வடிகால் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டு மோட்டார் எந்த இடத்தில் இருக்கிறது, அது எத்தனை மணிக்கு ஓடும் என்று விசாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. குடிவந்த இரண்டாவது வாரம், விடியற்காலை நாலரை மணிக்கு, தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் 'தட் தட்' என்று கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது.

இதற்குக் காரணம் நம் வீடுகளின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்பக்கம் காருக்கும் வாசல் கோலத்துக்கும் போய்விடுகிறது. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்கும் கொடிக்கும் போய்விடுகிறது. மீதமிருக்கும் மூன்றடி, நாலடிப் பக்கச் சந்தில்தான் போர்வெல், சம்ப், மோட்டார், ஏசியின் அவுட்டோர் யூனிட், சில வீடுகளில் ஜெனரேட்டர் என்று சத்தம் போடக்கூடிய அனைத்தும் வந்து சேர்கின்றன. காம்பவுண்ட் சுவருக்கு மறுபுறமும் அதே சந்து, அதை ஒட்டி ஒரு படுக்கையறை ஜன்னல். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தபோது, நாய், குப்பை, கார் நிறுத்தம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக என்னிடம் வந்த புகார்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே. அவற்றில் பெரும்பாலானவை இயந்திரத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட அன்றைக்கே பாதி தீர்ந்துவிட்டன. ஆகவே இங்கே சொல்லும் வரிசையில், வாய் திறந்து பேசும் படி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

முதலில் உங்கள் வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள்

இது கேலியாகத் தோன்றலாம். எனக்கு நேர்ந்ததால் சொல்கிறேன். ஒரு கோடையில் இரவு பதினொரு மணிக்கு மேல் என் படுக்கையறைச் சுவரில் மெல்லிய ரீங்காரம் கேட்கத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் அப்போதுதான் புதிதாக ஏசி மாட்டியிருந்தார்கள் என்பதால், குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை. என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் இரண்டு நாள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். வேறு வேலையாக வந்த எலக்ட்ரீஷியன், "சார், எதுக்கும் ஒரு தடவை மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கேட்டுப் பாருங்க" என்றார். அன்றிரவு அணைத்தேன், ரீங்காரம் நின்றுவிட்டது. சுவரின் மறுபக்கம் சமையலறையில், பிரிட்ஜுக்காகச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டியிருந்த ஸ்டெபிலைசர்தான் அத்தனை நாளும் பாடிக்கொண்டிருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் 100 ஹெர்ட்ஸில் அதிரும். அந்தத் தாழ்ந்த ஒலி, செங்கல் சுவருக்குள் புகுந்துவிட்டால் எங்கிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது கடினம்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் மெயினை மட்டும் அணைத்தால் போதாது, அதையும் அணைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கேளுங்கள். சத்தம் தொடர்ந்தால், அது வெளியிலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சொல்லும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது.

பத்து நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்

அடுத்த படி, பொறுமையைச் சோதிப்பது. குறைந்தது பத்து நாட்களுக்கு, சத்தம் தொடங்கிய நேரம், நின்ற நேரம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா, அதற்குச் சற்று முன் கரண்ட் போய் வந்ததா, அன்று குழாயில் தண்ணீர் வந்த நாளா என்பவற்றைக் குறித்து வையுங்கள். "எப்பப் பார்த்தாலும் ஓடிக்கிட்டே இருக்கு" என்ற வாக்கியத்தை எவரும் எளிதாக மறுத்துவிடலாம். "செவ்வாய், வியாழன், சனி, அதிகாலை 2.40-லிருந்து 2.55 வரை" என்பதை மறுக்க முடியாது என்பதோடு, அந்த எண்கள் காரணத்தையும் காட்டிக்கொடுக்கும்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பக்கத்து வீட்டு மோட்டார் நடுநிசியில் ஓடுகிறது என்றும், தம்மைத் தூங்க விடக் கூடாது என்றே அவ்வாறு செய்கிறார்கள் என்றும் என்னிடம் முறையிட்டார். நோட்டில் எழுதச் சொன்னேன். பதினைந்து நாள் கழித்து அவர் கொண்டுவந்த பட்டியலில், மோட்டார் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டரைக்கும் மூன்றே காலுக்கும் இடையே, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழக் கால் மணி நேரம் ஓடியிருந்தது. ஆனால் அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. அந்த வீட்டார் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் கும்பகோணம் போயிருந்தபோதும் மோட்டார் அதே ஒழுங்கில் ஓடியிருக்கிறது. ஆளில்லாத வீட்டில் யார் சுவிட்ச் போடுவது? மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் இறங்கியதும் தானாக மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலரை அவர்கள் பொருத்தியிருந்தார்கள். ஆளில்லாத வீட்டில் நீர்மட்டம் இறங்குகிறது என்றால் எங்கோ தண்ணீர் ஒழுகுகிறது என்று பொருள். பிளம்பர் போய்ப் பார்த்தபோது, மாடிக் கழிவறையின் ஃப்ளஷ் டேங்கில் வாஷர் தேய்ந்து, பீங்கானின் உட்புறத்தில் நூல் போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. வாஷரை மாற்றிய பிறகு மோட்டார் இரவில் ஓடுவது நின்றது. அந்த அம்மா பல மாதமாகப் பகைமை என்று நினைத்திருந்தது, ஒரு ரப்பர் வளையம்.

தானியங்கிக் கன்ட்ரோலர்களைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நள்ளிரவு மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தவுடன், தொட்டி குறைந்திருந்தால் அவை உடனே மோட்டாரைக் கிளப்பிவிடும். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார், அவருக்கே இது தெரிந்திருக்காது. கன்ட்ரோலருக்கு முன்னால் ஒரு டைமர் சுவிட்ச் வைத்து, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஓடாதபடி செய்துவிட்டால் போதும். விடியற்காலை நாலரைக்கு ஓடுவதற்கும் பெரும்பாலும் ஒரு நியாயம் இருக்கும்: தெருக் குழாயில் தண்ணீர் வருவதே அந்த நேரத்தில்தான் என்றால், அவர் அப்போது ஏற்றாவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உங்கள் நோட்டில் தண்ணீர் வந்த நாளைக் குறிக்கச் சொன்னது இதற்காகவே.

சத்தம் எந்த வழியாக உங்களிடம் வருகிறது

ஒரே இயந்திரத்தின் சத்தம் இரண்டு வழிகளில் வரலாம், இரண்டுக்கும் மருந்து வெவ்வேறு. ஒன்று காற்று வழி. ஜன்னலை மூடினால் பாதியாகக் குறைந்தால் இதுதான். மற்றது சுவர், தரை, குழாய் வழியாக அதிர்வாக வருவது; ஜன்னலை மூடினாலும் குறையாது, சில நேரம் வெளிச்சத்தம் அடங்குவதால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஓர் எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அந்தச் சுவரை ஒட்டிய ஜன்னல் திண்டில் வைத்து, மோட்டார் ஓடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். நீரின் மேல் நுண்ணிய வளையங்கள் எழுந்தால், அதிர்வு கட்டடத்துக்குள் வந்துவிட்டது. டம்ளர் அசையாமல் இருந்தும் சுவரில் காதை ஒட்டிவைத்தால் ரீங்காரம் கூடுகிறது என்றாலும் அதே முடிவுதான்.

கைபேசியில் ஒலியளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை காட்டும் எண்ணைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே கைபேசியை ஒரே இடத்தில் வைத்து, இயந்திரம் ஓடும்போதும் ஓடாதபோதும் அளந்தால், வித்தியாசம் எவ்வளவு என்பது ஓரளவு நம்பகமாகத் தெரியும். டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கழித்தல் போல் இயங்காது. இரண்டு ஒரேமாதிரி அவுட்டோர் யூனிட்கள் சேர்ந்து ஓடினால் ஒலி இரட்டிப்பாகக் காட்டாது, 3 டெசிபல் மட்டுமே கூடும். 10 டெசிபல் கூடினால்தான் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகத் தோன்றும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 என்றால் இரண்டு மீட்டரில் 54, நான்கு மீட்டரில் 48. ஆனால் நம் சந்துகள் திறந்த வெளி அல்ல. இருபுறமும் சுவர் இருப்பதால் ஒலி மோதி மோதித் திரும்புகிறது, கணக்குச் சொல்லும் அளவுக்குக் குறைவதில்லை. யூனிட்டை இரண்டடி தள்ளி வைப்பதைவிட, சந்தை விட்டே வெளியே எடுப்பது பலன் தருவதற்கு இதுவே காரணம்.

எதை மாற்றச் சொல்வது என்று தெரிந்துகொண்டு போங்கள்

"சத்தத்தை நிறுத்துங்கள்" என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. தெரியாதபோது மனிதர்கள் கோபப்படுகிறார்கள். "அடியில் ரப்பர் பேட் வைத்தால் குறையும் என்று மெக்கானிக் சொல்கிறார்" என்று கேட்டால் பேச்சு வேறு திசையில் போகும்.

தரைமேல் இருக்கும் மோனோபிளாக் மோட்டாரில், பழைய சத்தம் அளவாக இருந்து அண்மையில் கூடியிருந்தால் பெரும்பாலும் பேரிங் போயிருக்கும். உரசுவது போன்ற இரைச்சல் அதன் அடையாளம். கூழாங்கல்லை உருட்டுவது போன்ற சத்தம் வந்தால், உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது அல்லது ஃபுட் வால்வு அடைத்திருக்கிறது. மோட்டார் நிற்கும்போது 'டம்' என்று ஓர் அடி விழுந்தால், மேலேறிய தண்ணீர் திரும்பி வந்து வால்வை அறைகிறது. இம்மூன்றும் சொந்தக்காரருக்கே நஷ்டம் தரும் கோளாறுகள் என்பதால், இவற்றைச் சரிசெய்யச் சொல்வதில் உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். கோளாறில்லாத மோட்டார் அதிர்ந்தால், அடித்தளத்துக்கும் அதற்கும் இடையே தடித்த ரப்பர் பேட் வைப்பது, சுவரில் கிளாம்ப் போட்ட குழாயை விடுவித்து இடையில் ஓரடி நெகிழும் ஹோஸ் சேர்ப்பது ஆகிய இரண்டும் போதும். மோட்டாருக்கு மட்டும் பேட் வைத்துவிட்டுக் குழாயைச் சுவரோடு இறுக்கியே விட்டுவைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதிர்வு குழாய் வழியே சுகமாகப் பயணம் செய்யும்.

போர்வெல்லில் ஊற்று குறைந்த வீடுகளில் வைக்கும் ஏர் கம்ப்ரசர்தான் எல்லாவற்றிலும் முரட்டுத்தனமானது. பிஸ்டன், பெல்ட், காற்றை உறிஞ்சும் வாய் என மூன்று இடங்களில் சத்தம் எழுப்பும். காற்று உறிஞ்சும் வாயில் ஃபில்டரோடு சேர்ந்த சைலன்சர் போடுவதும், பெல்ட் தளர்ச்சியை நீக்குவதும் முதல் உதவி. மேலே பெட்டி செய்து மூடுவதானால் காற்றோட்டத்துக்கு வழி விட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்ரசர் சூடேறிவிடும். ஊற்று தேறியிருந்தால் சப்மெர்சிபிளுக்கு மாறுவதே நிரந்தரத் தீர்வு. மோட்டார் நிலத்தடியில் நீருக்குள் இருப்பதால் மேலே ஏறத்தாழ ஒன்றும் கேட்காது. போரின் உள்விட்டமும் நீர்வரத்தும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதால், இதை நீங்களாக முடிவு செய்து கேட்காதீர்கள்.

ஏசி அவுட்டோர் யூனிட்டில், துருப்பிடித்த ஆங்கிளும் கழன்ற திருகும் பாதிக் குற்றவாளிகள். யூனிட்டின் நான்கு கால்களின் கீழும் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாட்டும் அவசரத்தில் அவை பலமுறை விடுபட்டுப் போகின்றன. மீதி, யூனிட்டின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் இருக்கிறது: விசிறி நேராக உங்கள் ஜன்னலை நோக்கி ஊதினால் சத்தத்தோடு அனலும் வரும். தெருப்பக்கமோ மொட்டைமாடிக்கோ மாற்ற முடியும். செம்புக் குழாயின் நீளம் கூடுவதால் செலவும், சில நேரம் கூடுதல் கேஸும் ஆகும், கம்பெனி அனுமதிக்கும் நீளத்துக்குள் இருக்க வேண்டும். நான் எப்போதும் எச்சரிக்கும் ஒன்று, யூனிட்டைச் சுற்றித் தகரமோ பலகையோ அடித்து மூடுவது. வெப்பம் வெளியேற முடியாமல் கம்ப்ரசர் திணறும், கரண்ட் பில் ஏறும், தகரம் தானே அதிர்ந்து புதிய வாத்தியமாக மாறும்.

காம்பவுண்ட் சுவரை உயர்த்தலாமே என்று பலரும் கேட்பார்கள். இயந்திரத்துக்கும் உங்கள் காதுக்கும் இடையிலான நேர்க்கோட்டைச் சுவர் மறைத்தால் ஓரளவு குறையும்; மாடி ஜன்னலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இன்றி உயர்த்தினால், சத்தத் தகராறு எல்லைத் தகராறாகப் பதவி உயர்வு பெறும்.

ஜெனரேட்டருக்குச் சட்டத்திலேயே அளவு உண்டு: 2005 ஜனவரி 1-க்குப் பின் தயாரான, 1000 கேவிஏ வரையிலான டீசல் ஜெனரேட்டரின் ஒலி, அதன் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆகவே மூடுகூண்டு இல்லாத பழைய இயந்திரமா என்று மட்டும் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கரண்ட் இல்லாத நாட்களில் எங்கள் தெருவில் ஜெனரேட்டர் சத்தத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவரவர் கைபேசியை எடுத்துக்கொண்டு சார்ஜ் போட அந்த வீட்டுக்கே போனார்கள்.

இப்போது பேசப் போகலாம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து, பதினொரு மணி நல்ல நேரம். சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தூக்கம் கெட்ட எரிச்சலோடு இரவிலேயே போய்க் கதவைத் தட்டுவது கூடவே கூடாது. தெரு வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் "சிலர்" என்று எழுதுவது அதைவிடக் கெடுதல். அந்தச் சிலர் யார் என்று தெருவுக்கே தெரியும், அவர் இனி இறங்கி வரவே மாட்டார். அவர்கள் வீட்டுக்குள் தெரியும்படி வீடியோ எடுப்பதும் கூடாது. வயரைப் பிடுங்குவது, பழிக்குப் பழியாக நள்ளிரவில் கிரைண்டர் போடுவது போன்றவற்றால் நாளைக்குக் காவல் நிலையத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பேச்சைக் குற்றச்சாட்டாக இல்லாமல், அவருக்குத் தெரியாத ஒரு செய்தியாகத் தொடங்குங்கள். "சார், ராத்திரி ரெண்டே முக்காலுக்கு உங்க மோட்டார் தானா ஓடுது. நீங்க ஊர்ல இல்லாதப்பகூட ஓடுச்சு. எங்கயாவது தண்ணி லீக் ஆகுதான்னு பார்த்துடுங்க" என்றால், உங்கள் தூக்கமும் அவர் தண்ணீரும் ஒரே பக்கம் வந்துவிடுகின்றன. அதன்பின், "அந்த ரூம்லதான் எங்க மாமியார் படுக்கறாங்க" என்பதையும் சேர்க்கலாம். முடிந்தால் அவரை உங்கள் வீட்டுக்கு அழைத்து, அவர் மகனை மோட்டார் போடச் சொல்லி, அந்தப் படுக்கையறையில் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். தம் மோட்டாரைச் சுவரின் மறுபக்கத்திலிருந்து கேட்ட மனிதர்கள் மிகக் குறைவு. ஒருவர் அப்படி உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இவ்ளோவா கேக்குது?" என்று எழுந்து நின்றதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

அவர் வாடகைக்கு இருப்பவர் என்றால், இயந்திரத்தில் கைவைக்கும் உரிமை வீட்டு உரிமையாளருடையது. நேரத்தை மட்டும் குடியிருப்பவரிடம் பேசி, மற்றதை உரிமையாளரிடம் கொண்டு போங்கள். செலவைப் பற்றிப் பேச்சு வந்தால், ரப்பர் பேட், ஹோஸ் போன்ற சில நூறு ரூபாய்ச் செலவில் பாதியை ஏற்க முன்வருவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்பது உண்மையே, ஆனால் அந்த முந்நூறு ரூபாய் வாங்கித்தரும் தூக்கத்தைப் பின்னால் வக்கீல் வாங்கித் தருவதற்கு ஆகும் விலை வேறு.

இடையில் யாரை வைப்பது

நேராகப் பேசியது பலிக்காவிட்டால் சங்கத் தலைவரையோ தெருப் பெரியவரையோ அழைப்பது வழக்கம். என் அனுபவத்தில் அவர்களைவிடச் சிறந்த நடுவர், இரண்டு வீட்டுக்கும் மோட்டார் பார்க்கும் மெக்கானிக். பெரியவர் சொன்னால் அது தீர்ப்பு, மெக்கானிக் சொன்னால் அது பழுது பார்த்தல். பழுதை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் தோல்வி இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் மட்டும் சங்கத்தின் துணைவிதிகளைப் பார்த்து, செயலாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. "மோட்டார் காலை 6 முதல் இரவு 9.30 வரை மட்டும், தெருக் குழாயில் தண்ணீர் வரும் நாட்களில் அதிகாலை அரை மணி நேரம் விலக்கு, கம்ப்ரசருக்கு இம்மாதம் 20-க்குள் சைலன்சர், அடுத்த மாதம் முதல் ஞாயிறு இருவரும் சேர்ந்து கேட்டுப் பார்ப்பது" என்ற அளவில் நாலு வரி போதும். பத்திரத்தாளும் சாட்சியும் தேவையில்லை, அவற்றைக் கேட்டாலே எதிராளி மிரண்டுவிடுவார். விலக்கு எழுதப்படாத ஒப்பந்தம் முதல் வாரத்திலேயே உடைகிறது என்பதால், அந்த வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 என்பதே இதில் அடிப்படை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அது வரம்பு வைத்திருக்கிறது. வணிகப் பகுதிக்கு 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சூழ்ந்த அமைதி மண்டலத்துக்கு 50, 40. இரவு என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை. உங்கள் நோட்டிலும் ஒப்பந்தத் தாளிலும் இந்த நேரங்களையே வைத்துக்கொண்டால் பேச்சுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

இந்த எண்களைப் படித்தவுடன் பலர் செய்யும் தவறு, கைபேசியில் 52 என்று காட்டியதும் வழக்கு ஜெயித்துவிட்டது என்று நினைப்பது. வரம்பு என்பது ஒரு கணத்தின் உச்சம் அல்ல, ஒரு கால அளவில் எடுக்கப்படும் சராசரி. இரவில் கால் மணி நேரம் ஓடி நிற்கும் மோட்டார் உங்களை எழுப்பிவிடும், ஆனால் இரவு முழுவதன் சராசரியில் கரைந்துபோகக்கூடும். மேலும் 7-ஆவது விதிப்படி, வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டும்போது, அல்லது இரவு நேரக் கட்டுப்பாடுகள் மீறப்படும்போது புகார் அளிக்கலாம். அதாவது குடியிருப்புப் பகுதியில் பகலில் 65, இரவில் 55 என்ற நிலையை எட்டினால் புகாருக்கு வலு உண்டு. ஒலிபெருக்கிக்கும் கட்டுமான இயந்திரத்துக்கும் அவ்விதிகளில் வெளிப்படையான இரவுத் தடை இருப்பதுபோல், வீட்டு மோட்டாருக்கென்று தனி வரி இல்லை. ஆகவே விடிய விடிய ஓடும் ஏசியோ ஜெனரேட்டரோ இந்த விதிக்குள் எளிதாக அகப்படும். கால் மணி நேர மோட்டாருக்குப் பேச்சுவார்த்தையே கூர்மையான கருவி.

புகாரைப் பெறும் அதிகாரிகள் மாவட்ட ஆட்சியர், மாநகரக் காவல் ஆணையர், அல்லது துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாமல் இதற்கென நியமிக்கப்பட்டவர். நடைமுறையில் முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து ரசீது பெறுவதும், நகல் ஒன்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி அளவீடு செய்யக் கோருவதும் வழக்கம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நோட்டின் நகலையும், நேரில் பேசிய தேதிகளையும், ஒப்பந்தத் தாள் இருந்தால் அதையும் இணையுங்கள். "மன உளைச்சல்" என்று மூன்று பத்தி எழுதுவதைவிட, நேரப் பட்டியல் அதிகாரியின் மேசையில் வேகமாக நகரும்.

பொதுத் தொல்லை என்ற பிரிவைச் சிலர் சொல்லித் தருவார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின் கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133) நிர்வாக நடுவர் ஒரு தொல்லையை அகற்ற உத்தரவிட முடியும். ஆனால் அது தெருவோ பகுதியோ பாதிக்கப்படும்போது உதவும்; இரண்டு வீட்டுக்கு இடையிலான மோட்டார் விவகாரம் தனியார் தொல்லை, அதற்கு இடம் உரிமையியல் நீதிமன்றம்.

நீதிமன்றத்துக்கு முன் ஒரு வாசல்

உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை, அதாவது தொல்லையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு, கோரலாம். நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை அனுப்பி இடத்தைப் பார்த்து அறிக்கை பெறும். சாதாரண மனிதர் ஒருவருக்குப் பொறுக்க முடியாத தொல்லையா என்பதே அங்கே அளவுகோல், மிக மெல்லிய தூக்கக்காரரின் காது அல்ல. இதற்கு ஆண்டுகள் ஆகலாம், அத்தனை ஆண்டும் அதே சுவரை ஒட்டியே வாழவும் வேண்டும்.

அதற்கு முன் வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ அணுகி, வழக்கு தொடுக்கும் முன்பே சமரசம் கோரி மனு கொடுங்கள். அவர்கள் எதிர்த் தரப்புக்கு அறிவிப்பு அனுப்பி இருவரையும் உட்கார வைப்பார்கள். அங்கே ஏற்படும் உடன்பாடு மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அதற்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலு உண்டு, மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றக் கட்டணமும் இல்லை. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவுமின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். வீட்டு வாசலுக்கு வக்கீல் நோட்டீஸ் வருவதைவிட, இந்த அறிவிப்பு மனிதர்களைக் குறைவாகவே காயப்படுத்துகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன்.

புகார் உங்கள் இயந்திரத்தின் மேலேயே வந்தால்

உடனே "எங்க வீட்டு எல்லைக்குள்ளதானே வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிடாதீர்கள். இயந்திரம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறது, சத்தம் இல்லை. அவர் வீட்டு அறைக்குப் போய் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன் என்று ஒரு தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதியில் கூப்பிடுங்கள். புதிதாக ஏசியோ மோட்டாரோ மாட்டப்போகிறவர்கள், ஆங்கிளுக்குத் துளை போடும் முன் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன அறை என்று எட்டிப் பார்த்துவிட்டால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது.

ஒருமுறை சரிசெய்ததோடு விட்டுவிடவும் முடியாது. நம் ஊர் வெயிலில் வெளியே இருக்கும் ரப்பர் பேட் சில கோடைகளில் கல்லாக இறுகிவிடும். நகத்தால் அழுத்திப் பார்த்தால் பள்ளம் விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான். ஏசியைக் கோடைக்கு முன் சர்வீஸ் செய்யும் அன்றே அதையும் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். எங்கள் தெரு ஆசிரியையும் அவர் பக்கத்து வீட்டாரும் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரே மெக்கானிக்கை ஒரே நாளில் வரவழைத்து, வரும் கட்டணத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஃப்ளஷ் டேங்க் வாஷர்களையும் அவர் அன்றைக்கே பார்த்துவிடுகிறார்.